முதலில் படகை அளப்போம்

அவுட்போர்டு இன்ஜின் வாங்க வருபவர்கள் பெரும்பாலும் இரண்டே கேள்விதான் கேட்கிறார்கள்: எத்தனை ஹெச்பி, என்ன விலை. ஷாஃப்ட் நீளத்தைப் பற்றிக் கேட்பவர்கள் குறைவு. கடையில் இருப்பது ஷார்ட் ஷாஃப்ட் என்றால் அதுவே படகில் ஏறிவிடுகிறது. பொருந்தவில்லை என்று தெரிந்ததும் ரம்பத்தை எடுத்து, படகின் பின்பலகையை அறுத்து இறக்குகிறார்கள். இன்ஜினுக்காகப் படகை வெட்டும் இந்தப் பழக்கம் நிற்க வேண்டும். ஃபைபர் படகு கட்டுபவர்களும் இன்ஜின் பொருத்தும் மெக்கானிக்குகளும் மனம் வைத்தால் நிற்கும்.

அளவு ஒன்றும் பெரிய வித்தை இல்லை. ஷார்ட், லாங், எக்ஸ்ட்ரா லாங் என்று மூன்று நீளங்கள் பரவலாகப் புழக்கத்தில் உள்ளன. அவை முறையே 15, 20, 25 அங்குல உயரமுள்ள பின்பலகைக்கு உரியவை. மில்லிமீட்டரில் 381, 508, 635. இவை பொதுக் கணக்குதான். நிறுவனத்துக்கு நிறுவனம் சற்று மாறும் என்பதால், இன்ஜினோடு வரும் கையேட்டில் உள்ள அளவையே இறுதியாகக் கொள்ள வேண்டும்.

அளக்கும்போது இன்ஜின் கிளாம்ப் உட்காரும் இடத்தில், பின்பலகையின் நடுக்கோட்டில் டேப்பை வைத்துப் படகின் அடிவரை இறக்குங்கள். ஓரத்தில் அளக்கக் கூடாது. ‘வி’ வடிவ அடி கொண்ட படகில் நடுவில் உள்ள உயரம் ஓரத்தில் இருக்காது. இன்ஜினை மாட்டிய பிறகு, படகின் அடியை ஒட்டி ஒரு நேர்க்கட்டையைப் பின்னோக்கி நீட்டிப் பிடியுங்கள். புரொப்பல்லருக்கு மேலே உள்ள கேவிடேஷன் பிளேட், அந்தக் கட்டையோடு சமமாகவோ, அதற்குக் கீழே 25 மில்லிமீட்டருக்குள்ளோ நிற்க வேண்டும். கட்டைக்கு மேலே நின்றால் ஷாஃப்ட் குட்டை. 25 மில்லிமீட்டரைத் தாண்டி இறங்கினால் நீளம்.

ஷாஃப்ட் குட்டையாக இருந்தால் என்ன ஆகும் என்பது அலையில் போனவர்களுக்குத் தெரியும். அணியம் அலையில் குத்தி அமரம் தூக்கும்போது புரொப்பல்லர் காற்றை இழுக்கிறது. பிடிமானம் போய் இன்ஜின் அலறுகிறது, படகு நகர்வதில்லை. கரையோரம் அலை உடையும் இடத்தைக் கடக்கையில் இது நடந்தால் படகு குறுக்கே திரும்பிக் கவிழ்ந்துவிடும். இன்ஜினுக்கும் கேடுதான். குளிர்விக்கும் தண்ணீரை உறிஞ்சும் துளைகளும் புரொப்பல்லரைத் தாங்கும் அதே காலில்தான் இருக்கின்றன. அவை நீருக்கு வெளியே வந்தால் பம்பில் உள்ள ரப்பர் இம்பெல்லர் வறண்டு தேய்கிறது, இன்ஜின் சூடேறுகிறது. இம்பெல்லரை அடிக்கடி மாற்ற வேண்டியிருக்கிறது என்று யாராவது புகார் சொன்னால், பொருத்திய உயரத்தையும் ஒருமுறை பாருங்கள்.

அதற்காக நீளமாகவே வாங்கிவிடலாம் என்பதும் சரியல்ல. தேவைக்கு மேல் இறங்கிய கால் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு போவதால் வேகம் குறையும், எரிபொருள் கூடும், பின்பக்கம் தண்ணீர் வாரி அடிக்கும். பாக் நீரிணை போன்ற ஆழமற்ற கடலில் சேற்றையும் மணலையும் பம்ப் உறிஞ்சும். கடற்புல் புரொப்பல்லரில் சுற்றும். மணற்கரையில் ஏற்றி இறக்கும் படகில் முதலில் தரை தட்டுவது இந்தக் கால்தான்.

சில படகுகளுக்கு நீளமான ஷாஃப்ட் கட்டாயம். இருமுனையும் கூரான வள்ளத்தில் பின்பலகை கிடையாது. இன்ஜினைப் பக்கவாட்டில்தான் மாட்ட வேண்டும். படகு மறுபக்கம் சாயும்போது இன்ஜின் இருக்கும் பக்கம் தூக்கிக்கொள்வதால், அதற்கும் சேர்த்து நீளம் பார்க்க வேண்டும்.

எந்தப் படகானாலும் காலியாக ஒரு சுற்று ஓட்டிவிட்டுச் சாவியைக் கொடுத்துவிடாதீர்கள். வலை, ஐஸ் பெட்டி, எரிபொருள் கேன், ஆட்கள் எல்லாம் அவரவர் இடத்தில் இருக்கும்போது ஓட்டிப் பாருங்கள். வலை முழுவதும் முன்னால் கிடந்தால் அமரம் தூக்கும்; மீனோடு திரும்பும்போது நிலை வேறு. இரண்டிலும் புரொப்பல்லர் காற்றை இழுக்காமல் இருந்தால்தான் வேலை முடிந்தது.

இனி அந்த ரம்பத்துக்கு வருகிறேன். ஷாஃப்ட் குட்டை என்பதற்காக ஐந்து அங்குலம் அறுத்தால், பின்னால் துரத்தி வரும் அலைக்கு ஐந்து அங்குலம் வழிவிட்டதாக ஆகிறது. மேலும், பல ஃபைபர் படகுகளின் பின்பலகைக்குள்ளே ஒட்டுப்பலகைதான் இருக்கிறது. அறுத்த விளிம்பை ரெசின் பூசி மூடாமல் விட்டால் அது உப்புநீரைக் குடித்து உளுத்துப்போகும். இன்ஜினின் மொத்த உந்துதலும் அந்த உளுத்த பலகையில்தான் விழும். குட்டை ஷாஃப்டைத் திருப்பிக் கொடுத்துச் சரியான நீளத்தை வாங்குவதே தீர்வு. நீளம் கூடிவிட்டால், நல்ல கட்டையைப் பின்பலகைமேல் வைத்து போல்ட் போட்டு உயர்த்தலாம். ஆனால் கிளாம்ப் திருகு அந்தக் கட்டையை மட்டும் பிடித்து நிற்கக் கூடாது. இன்ஜினுக்கும் பின்பலகையை ஊடுருவும் போல்ட் வேண்டும், தனியாக ஒரு பாதுகாப்புக் கயிறும் வேண்டும்.

ஏரிகளில் தூண்டில் போடுபவர்கள் மின்கலத்தில் ஓடும் டிரோலிங் மோட்டாரைப் பற்றியும் விசாரிக்கிறார்கள். அதற்குக் கணக்கு வேறு. படகின் அடியைப் பார்க்காமல், மோட்டாரை மாட்டும் இடத்திலிருந்து நீர்மட்டம் வரை அளந்து, புரொப்பல்லருக்கு மேலே ஏறக்குறைய ஓரடித் தண்ணீர் நிற்கும்படி நீளத்தைத் தேர வேண்டும். அணியத்தில் மாட்டினால் இன்னும் கூட வேண்டும்; உயரமும் ஆட்டமும் அங்கேதான் அதிகம். அலை பெரிதாக எழும் அமெரிக்கப் பேரேரிகளில் இதற்காகவே 60, 72 அங்குல ஷாஃப்ட்கூட மாட்டுகிறார்கள்.

படகு கட்டுபவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: பின்பலகையின் உயரத்தை 15 அல்லது 20 அங்குலம் என்று கணக்காகக் கட்டி, அந்த எண்ணைப் பின்பலகையின் உள்பக்கத்திலும் ரசீதிலும் எழுதிக் கொடுங்கள். விற்பனையாளர்களே, அந்த எண்ணைக் கேட்காமல் இன்ஜினை விற்காதீர்கள். மீன்வளத் துறை மானியத்தில் இன்ஜின் வழங்கும்போது, விண்ணப்பத்தில் பின்பலகை உயரத்துக்கும் ஒரு வரி ஒதுக்கட்டும். மெக்கானிக் நண்பர்களே, பின்பலகையை அறுக்கச் சொல்லி யார் வந்தாலும் மறுத்துவிடுங்கள். நாளை அந்தப் படகில் கடலுக்குப் போகிறவரின் உயிர் உங்கள் கையில் இருக்கிறது.