வரிக் கடிதத்தை அடுப்பில் போடாதீர்!

கேமரன் மலைத் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கும் சகோதரி ஒருவர் நம்மிடம் ஒரு தாளை நீட்டினார். காலஞ்சென்ற கணவர் கீழே வாங்கிப் போட்ட வீட்டுமனைக்கு நிலவரி பாக்கி. "ஏலம் போடப் போறாங்களாம் ஐயா" என்று கண் கலங்கினார். அது ஏலக் கடிதம் அல்ல, அதனினும் கொடியது.

அமெரிக்காவில் வரி கட்டாதவன் நிலத்தை ஏலத்தில் விற்பார்கள். இங்கே நிலவரிப் பாக்கிக்கு அந்த வழக்கம் இல்லை. 1965ஆம் ஆண்டுத் தேசிய நிலச் சட்டப்படி, மே 31க்குள் கட்டாத வரி பாக்கியாகும். 6ஏ பாரம் வரும். மூன்று மாதத்தில் கட்டாவிட்டால் நிலம் மாநில அரசுக்கே போய்விடும். மேலே நிற்கும் வீடும் போகும். நட்டஈடு ஒரு காசு கிடையாது. பறிமுதலை எதிர்த்து உயர்நீதிமன்றம் போகவும் மூன்று மாதமே தவணை.

சகோதரிக்குத் தவணை மிச்சமிருந்தது. மகளோடு நில அலுவலகம் போனார், கட்டினார், ரசீதோடு திரும்பினார். வக்கீலும் இல்லை, தரகனும் இல்லை.

கோர்ட்டு என்றாலே நம்மவருக்கு நடுக்கம். சம்பளப் பாக்கிக்குத் தொழில் இலாகாவில் நாமே போய் முறையிடலாம். சிறு தொகை வழக்குக்கு 2012ஆம் ஆண்டு நீதிமன்ற விதிகள் வைத்த வரம்பு 5,000 வெள்ளி. தனியாள் தொடுக்கும் அவ்வழக்கில் வக்கீல் வைக்கவே பொதுவாக அனுமதியில்லை. அங்கே நமது வாயே நமக்கு வக்கீல். ஆனால் நில உரிமை வழக்கு வேறு. உயர்நீதிமன்றத்தில் தனியாக நிற்கச் சட்டம் தடுக்கவில்லை. தடுக்கவில்லை என்பதற்காக மனையைப் பணயம் வைத்து வாதாடிப் பழகுவது அறிவாகாது என்பதே நமது கருத்து.

இனி ஏலத்தில் வாங்கும் ஆசை. தோட்டங்கள் துண்டாடப்பட்ட காலத்தில், 1960இல் சம்பந்தன் தொடங்கிய தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தில் பால்வெட்டுத் தொழிலாளர் பணம் சேர்த்து நிலம் வாங்கினர். நில ஆசை நமக்குப் புதிதல்ல. லயத்தை விட்டு வெளியேறும் நாளை எண்ணாதவர் யார்? ஆனால் வங்கிக் கடனுக்காக வரும் ஏலத்தில் 10 விழுக்காடு முன்பணம் கட்ட வேண்டும்; மிச்சத்தை 120 நாளில் கட்டாவிட்டால் முன்பணம் பறிபோகும். உள்ளே குடியிருப்பவரை வெளியேற்றுவதும் வாங்கியவர் பாடு. அவரும் நம்மைப்போல் ஒரு தொழிலாளியாக இருக்கலாம். இ.பி.எப். பணத்தை எடுத்துக்கொண்டு ஓடுமுன் நில அலுவலகத்தில் கிராண்டைத் தேடிப் பாருங்கள்.

மலையில் இன்னொரு பொறி உண்டு. "மலிவு, கைமாற்றித் தருகிறேன்" என்று காட்டப்படும் காய்கறி நிலம் தற்காலிக அனுமதியில் உள்ளதா என்று கேளுங்கள். அவ்வனுமதி டிசம்பர் 31க்கு மேல் ஓடாது; புதுப்பித்தால்தான் உண்டு. கைமாற்ற முடியாது, பெற்றவர் இறந்தால் அதுவும் முடிந்தது. ஏலம் போட அதில் ஒன்றுமில்லை, வாங்கவும் ஒன்றுமில்லை.

கிராணிமார்களுக்கு ஒரு வார்த்தை. இந்தக் கடிதங்கள் பல, தோட்ட ஆபீசு முகவரிக்கே வருகின்றன. ஆள் ஓய்வுபெற்றுப் போயிருப்பார்; கடிதம் மேசையில் கிடக்கும்; மூன்று மாதம் ஓடிவிடும். பெரட்டில் பெயரைக் கூப்பிட்டுக் கொடுங்கள், மலாய் தெரியாதவருக்குப் படித்துச் சொல்லுங்கள். போனவரின் புது முகவரியைக் கேட்டு அனுப்புங்கள். அதை நில அலுவலகத்திலும் மாற்றச் சொல்லுங்கள்.