பார்த்துக்கொண்டிருந்தால் கை பழகுமா?

“ரோபோ ஒப்பரேஷன்” என்றதும் இயந்திரம் தானாகவே வெட்டித் தைக்கும் என்று நம்மில் பலர் நினைக்கிறோம். அப்படியல்ல உறவுகளே. 2000ஆம் ஆண்டு அமெரிக்காவில் அனுமதி பெற்ற டாவின்சி இயந்திரத்தை எடுங்கள். நிபுணர் சற்றுத் தள்ளி அமர்ந்து கையை அசைப்பார். அதே அசைவை நோயாளியின் உடலுக்குள் இருக்கும் கருவிகள் செய்யும். காயமும் சிறிது.

நல்ல விடயம்தான். ஆனால் பயிற்சி வைத்தியரின் நிலை என்ன?

பழைய முறையில் நிபுணருக்கு இன்னும் இரண்டு கைகள் தேவைப்பட்டன. அதனால் பயிற்சி வைத்தியர் விலக்கிப் பிடித்தார், தையல் போட்டார், தொழிலைக் கற்றார். ரோபோவிலோ நிபுணரே பெரும்பாலான வேலையைச் செய்துவிடலாம். அமெரிக்கப் பயிற்சி வைத்தியர்கள் பலருக்குப் போதிய வாய்ப்புக் கிடைப்பதில்லை என்று மெத்யூ பீன் 2019இல் வெளியிட்ட ஆய்வு சொன்னது.

ஆசிரியர்களான நமக்கு இது புரியாததல்ல. கல்வியற் கல்லூரியில் இரண்டு வருடம் படித்த பிறகும் ஒரு வருடம் பாடசாலைக்கு அனுப்புகிறார்களே, ஏன்? பின்வரிசையில் இருந்து பார்த்து யாரும் ஆசிரியராவதில்லை.

வழி இல்லாமலில்லை. முதலில் சிமுலேட்டரில் பழக்கலாம். பிறகு இரட்டை இருக்கை இயந்திரத்தில் சிறு கட்டமொன்றைக் கொடுத்து, தவறினால் உடனே திருப்பி எடுக்கலாம். நேரம் கூடும்தான். ஆனாலும் எந்தக் கட்டத்தை யார் செய்வது என்பதை நிபுணரின் மனநிலைக்கு விடாமல் வைத்தியசாலையே விதியாக்க வேண்டும்.

இன்று பார்த்துக்கொண்டு மட்டும் இருப்பவர்தான் நாளை தனியாக அந்த இருக்கையில் அமரப்போகிறார். அப்போது மேசையில் படுத்திருப்பது யார் வீட்டுப் பிள்ளையோ!

சிந்திப்போம்.