பல் போனதும் சொல் போனதும்

‘பல் போனால் சொல் போச்சு’ என்பது பழமொழி. சென்ற திங்கள் எம் இல்லத்தில் அது தலைகீழாயிற்று. சொல் போனதால், பல் போன இடம் புண்ணாயிற்று. அன்பர்களுக்குப் பயன்படுமென்று கருதி அதனை இங்கு எழுதுகின்றோம்.

கட்கியில் எம்முடன் வாழும் அன்னையாருக்குக் கீழ்க்கடைவாய்ப் பல் ஒன்றைப் பிடுங்க நேர்ந்தது. அன்று எமக்குப் பயணச்சீட்டுச் சாளரத்தில் காலைமுறை. விடுப்புக் கேட்கத் தயங்கினோம். அன்னையார் தனியே சென்று வந்தார். பிடுங்கும்போது சற்றும் வலிக்கவில்லை என்றார். 1844-ஆம் ஆண்டு டிசம்பரில் அமெரிக்கப் பல் மருத்துவர் ஹோரஸ் வெல்ஸ், நைட்ரஸ் ஆக்சைடு வாயுவை முகர்ந்து தம் பல்லையே பிடுங்குவித்து, வலியின்றி அது இயலும் எனக் கண்டார். 1943-இல் ஸ்வீடன் நாட்டு நில்ஸ் லோஃப்கிரென் உருவாக்கிய லிக்னோகெயின் மருந்தே இன்று ஊசிவழி ஈறை மரக்கச் செய்கிறது. பிடுங்கும் வலியை அறிவியல் வென்றுவிட்டது. பிடுங்கிய பின் வரும் வலியோ பெரிதும் நம் கையில் உள்ளது.

மருத்துவர் மராத்தியில் ‘துங்கூ நகா’ என்றாராம். ‘துப்பாதீர்’ என்பது பொருள். அது விளங்காத அன்னையார், மரியாதை கருதி ‘ஹோ, ஹோ’ என்று தலையசைத்துத் திரும்பினார். வந்ததும் ஊர் வழக்கப்படி உப்பு வெந்நீரால் ஓங்கிக் கொப்பளித்துத் துப்பினார். மாலையில் வீடு திரும்பிய நாமும் ‘நல்லது’ என்றோம்! மூன்றாம் நாள் இரவு வலி காதுவரை தெறித்தது. அன்னையார் சுவரோடு சாய்ந்து விடியும்வரை விழித்திருந்தார்.

மறுநாள் விடுப்பெடுத்து உடன் சென்றோம். பல் இருந்த குழியில் உறையும் இரத்தமே, கீழுள்ள எலும்பைக் காக்கும் மூடியாம். அது பெயர்ந்தால் எலும்பு வெளிப்பட்டுக் கடும் வலி உண்டாகும். மருத்துவர் குழியைக் கழுவி, கிராம்புத் தைல மணம் கமழும் மருந்துத் துணியை வைத்தார். மாலைக்குள் வலி தணிந்தது.

அவர் உரைத்தவற்றைத் தமிழில் தருகின்றோம். வைத்த பஞ்சை அரைமணி முதல் முக்கால் மணி நேரம் அழுந்தக் கடித்திருத்தல் வேண்டும். முதல் நாள் கொப்பளித்தல், துப்புதல், குழலால் உறிஞ்சுதல் கூடா. உணவு ஆறியதாயும் மென்மையானதாயும் இருக்கட்டும். மறுநாள் முதல் வெதுவெதுப்பான உப்பு நீரை வாயில் மெல்ல ஏந்தி, தானே வழியவிடலாம். புகையிலை, புகை, இப்பகுதியில் பல் துலக்கும் மிஸ்ரி ஆகியவை புண் ஆறும்வரை ஆகா. நீரிழிவு உடையோரும், இரத்தம் உறையாதிருக்க மாத்திரை உண்போரும் அதனை முன்னரே மருத்துவரிடம் கூறல் வேண்டும். தாமாக மாத்திரையை நிறுத்தலாகாது. இரத்தம் நில்லாது கசிந்தாலும், காய்ச்சலோ வீக்கமோ மிகுந்தாலும் உடனே மருத்துவரை நாடுக.

இவை யாவும் முதல் நாளே கூறப்பெற்றவையே. கேட்டுச் சொல்ல அருகில் ஆளில்லை, அக்குறை எம்முடையது. மொழி தெரிந்த நாம் ஒரு நாள் விடுப்பை மிச்சப்படுத்தினோம். மொழி தெரியாத முதியவர் ஓரிரவு உறக்கத்தை இழந்தார்.

அன்னையாருக்கு இன்னொரு பல்லும் ஆடுகிறது. இம்முறை விடுப்பு விண்ணப்பத்தை முன்கூட்டியே கொடுத்துவிட்டோம்.