ஒரு வாசலுக்கு இரண்டு காவலர்

“ஒன்றுக்கு இரண்டாக இருந்தால் கூடுதல் பாதுகாப்புத்தானே ஐயா?”

கணனி திருத்தும் கடையொன்றில் சில ஆண்டுகளுக்கு முன்னர் என்னிடம் கேட்கப்பட்ட கேள்வி இது. கேள்வி கேட்பதையே தொழிலாகக் கொண்ட நான், அன்று எதிர்க்கேள்வி கேட்கவில்லை. ஏற்கனவே ஒரு வைரஸ் தடுப்பு மென்பொருள் இருந்த கணனியில் இன்னொன்றையும் நிறுவச் செய்து, அதற்கும் பணம் கொடுத்துத் திரும்பினேன். அடுத்த வாரமே, ஞாயிறு இதழுக்கான கட்டுரையின் கடைசிப் பந்தியில் திரை உறைந்து நின்றது. மீண்டும் இயக்கியபோது மூன்று மணிநேர உழைப்பைக் காணவில்லை. அச்சுக்குப் போகவேண்டிய பக்கமோ வெறுமையாகக் காத்திருந்தது.

இன்றும் பலர் இதே ஆலோசனையை நம்புகின்றனர். ஆகவே சற்றுக் கடுமையாகவே எழுதவேண்டியிருக்கிறது.

நாம் ஒரு கோப்பைத் திறக்கும்போது, வைரஸ் தடுப்பு மென்பொருள் இடைமறித்துச் சோதித்த பின்னரே வழிவிடுகிறது. இரண்டு மென்பொருள்கள் இவ்வாறு காவலிருந்தால், ஒன்று சோதிப்பதற்காகத் திறக்கும் கோப்பை மற்றது இடைமறிக்கிறது. ஒன்று பிடித்து அடைத்துவைத்த வைரஸை மற்றது புதிய தொற்றெனக் கண்டு கூக்குரலிடுகிறது. கள்வனை விட்டுவிட்டுக் காவலர் இருவரும் கட்டிப்புரளும் கதைதான்.

இக்காவலரின் அதிகாரமும் சிறிதன்று. 2010 ஏப்ரல் 21 அன்று மக்கஃபி வெளியிட்ட தவறான இற்றைப்படுத்தல் ஒன்று, விண்டோஸ் எக்ஸ்பியின் இன்றியமையாத கோப்பொன்றையே வைரஸ் எனக் கருதி அகற்றியது. 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்ட்ரைக்கின் பிழையான இற்றைப்படுத்தலால் சுமார் 85 இலட்சம் விண்டோஸ் கணனிகள் முடங்கின. விமான சேவைகளும் மருத்துவமனைகளும் தடுமாறின. ஒருவர் தவறினாலே விளைவு இதுவென்றால், அதே அதிகாரத்தை ஒரே கணனியில் இருவருக்கு வழங்குவது எவ்வகை விவேகம்?

மைக்ரோசொப்ட் நிறுவனமே இதனை ஒப்புக்கொண்டிருக்கிறது. விண்டோஸ் 10, 11 பதிப்புகளுள்ள வீட்டுக் கணனியில் வேறொரு வைரஸ் தடுப்பு மென்பொருளை நிறுவினால், டிஃபென்டர் தானாகவே விலகிக்கொள்கிறது. விரும்பினால் இடையிடையே மட்டும் சோதிக்கும் பணியை அதற்கு ஒப்படைக்கலாம். இவ்வசதி 2016 இல் வந்தது.

முரண்பாடின்றி இரண்டை வைத்திருக்கும் வழியும் இதுவே. இடைவிடாக் காவலுக்கு ஒன்று மட்டும். மற்றது, நாம் அழைக்கும்போது மாத்திரம் வந்து சோதித்துவிட்டுப் போகவேண்டும். காவலரை மாற்ற விரும்பினால், பழையதை முற்றாக அகற்றிக் கணனியை மீள இயக்கிய பின்னரே புதியதை நிறுவுங்கள்.

இதனைச் சொல்லித்தராமல் இரண்டாவது பொதியை விற்பவர் விற்பது பாதுகாப்பையல்ல, நமது அச்சத்தைத்தான். என் கட்டுரையை அன்று காப்பாற்றியிருக்கக்கூடியது இரண்டாவது காவலர் அல்லர். ஒரு பென்டிரைவில் இருந்திருக்கவேண்டிய இரண்டாவது பிரதி. பணம் செலவிடத்தான் வேண்டுமென்றால், அதற்குச் செலவிடுங்கள்.