நரேஷன் எங்கே?

ஒரகடம் சந்திப்பில் டீ கிளாஸோடு நின்றால் பொழுது போவதே தெரியாது. வண்டலூர் - வாலாஜாபாத் சாலையும் சிங்கப்பெருமாள்கோவில் - ஸ்ரீபெரும்புதூர் சாலையும் வெட்டிக்கொள்ளும் இடம். ஒரு கன்டெய்னர் லாரி போனால் பின்னாலேயே இன்னொன்று. அந்தப் பெட்டிகளின் முதுகைப் படித்திருக்கிறீர்களா? நாலு எழுத்து, ஆறு இலக்கம், கடைசியில் கட்டம் கட்டி ஒற்றை இலக்கம். முதல் மூன்று எழுத்து பெட்டிக்குச் சொந்தக்காரர் யார் என்று சொல்லும். அதைப் பதிவு செய்து வைத்திருப்பது பாரிஸில் உள்ள ஓர் அமைப்பு. கட்டத்துக்குள் இருக்கும் இலக்கம், முன்னால் உள்ள பத்தையும் வைத்துக் கணக்குப் போட்டு வருவது. நடுவில் ஓர் எண்ணை மாற்றி எழுதினால் பெரும்பாலும் கணக்கு உதைக்கும். தூக்கக் கலக்கத்தில் இருக்கும் யார்டு குமாஸ்தாவை நம்பாமல், அவருக்காக யோசித்து எழுதிய எண் அது.

இது இரும்புப் பெட்டி. இதே பெயரில் கம்ப்யூட்டரிலும் ஒரு பெட்டி உண்டு. ஒரு மென்பொருளையும் அது ஓடத் தேவையான சில்லறைச் சாமான்களையும் சேர்த்துக் கட்டிய மூட்டை. 2013-ல் டாக்கர் வந்த பிறகு உலகம் முழுக்க இந்த மூட்டைதான். கட்டி வைத்த மூட்டைக்கு இமேஜ் என்று பெயர். அவற்றை அடுக்கி வைக்கிற கிடங்குதான் ரெஜிஸ்ட்ரி.

நண்பரின் மகன் இந்தப் பக்கம் ஒரு உதிரிபாகக் கம்பெனியில் கம்ப்யூட்டர் பிரிவில் இருக்கிறான். ஏ.ஐ. ஏஜென்ட் ஒன்றை வேலைக்கு வைத்திருக்கிறார்களாம். எந்த மூட்டையை எடுத்து ஓட்டுவது என்று அது கிடங்கில் தேடிக்கொள்ள இவன் ஒரு கருவி செய்திருக்கிறான். பெருமையாகக் காட்டினான். கருவிக்கு விளக்கம் என்ற இடத்தில் ஒரே வரி: ‘ரெஜிஸ்ட்ரியில் இமேஜைத் தேடும்.’

“அவ்வளவுதானா?” என்றேன்.

“டாகுமென்டேஷன் அப்புறம் எழுதிக்கலாம் அங்கிள். முதல்ல ஓடட்டும்.”

நான் பி.காம். படித்தவன். ஜர்னல் என்ட்ரி போட்டால் கீழே நரேஷன் எழுத வேண்டும். ‘கடனுக்குச் சரக்கு விற்ற வகையில்’ என்று ஒரு வரி. எழுதாவிட்டால் எங்கள் பேராசிரியர் தயவு தாட்சண்யம் இல்லாமல் மார்க்கை வெட்டுவார். தொகை சரியாக இருந்தாலும் வெட்டுவார். “நாளைக்கு இதைப் படிக்கிறவன் உன்கிட்ட வந்து கேக்க முடியாதுடா” என்பார். அன்றைக்கு எரிச்சலாக இருந்தது.

இந்த ‘அப்புறம்’தான் எனக்கு ஆகாத வார்த்தை. மனிதர்களுக்கு எழுதிய காலத்தில் அது சோம்பேறித்தனம், அவ்வளவுதான். குறிப்பு புரியவில்லை என்றால் பக்கத்து சீட்டுக்காரனைக் கேட்டுத் தொலைப்பார்கள். ஏஜென்ட் அப்படியில்லை. 2024 நவம்பரில் ஆந்த்ரோபிக் வெளியிட்ட எம்.சி.பி. என்ற ஏற்பாட்டில் ஒவ்வொரு கருவிக்கும் ஒரு பெயர், ஒரு விளக்கம், என்னென்ன கொடுக்க வேண்டும் என்ற பட்டியல் இருக்கும். இதைப் படித்துத்தான் கருவியைத் தொடலாமா, எப்படித் தொடலாம் என்று ஏஜென்ட் முடிவு செய்கிறது. அந்த விளக்கத்துக்குள்ளேயே திருட்டுக் கட்டளையை ஒளித்து வைத்தால் அதற்கும் கீழ்ப்படிகிறது என்று 2025 ஏப்ரலில் இன்வேரியன்ட் லேப்ஸ் காட்டியது. அப்படியென்றால் விளக்கம் என்பது அலங்காரமா, உத்தரவா? உத்தரவை யாராவது அப்புறம் எழுதுவார்களா?

பையனிடம் கேட்டேன். “லேட்டஸ்ட் என்று சீட்டு ஒட்டிய மூட்டை, கடைசியாக வந்த மூட்டைதானா?”

“இல்ல அங்கிள். அது சும்மா ஒரு பேரு. வேற சீட்டு ஒட்டாட்டி தானா அது ஒட்டிக்கும்.”

இது அவனுக்குத் தெரியும். ஏஜென்ட் கையில் இருக்கும் தாளில் இல்லை. சீட்டை இன்று ஒரு மூட்டையிலிருந்து பிய்த்து நாளை இன்னொன்றில் ஒட்டலாம். மாறாதது டைஜஸ்ட் என்கிற 64 எழுத்து அடையாளம்தான். உள்ளே ஒரு புள்ளி மாறினாலும் அதுவும் மாறிவிடும். லாரிப் பெட்டியின் கட்டத்து எண்ணுக்கு அண்ணன் மாதிரி. ‘சீட்டை நம்பாதே, டைஜஸ்டைத் திருப்பிக் கொடு’ என்று எழுத எவ்வளவு நேரமாகும்?

அடுத்தது இன்னும் மோசம். கிடங்கில் ஒன்றைக் கேட்டு அது கிடைக்காவிட்டால் டாக்கர் சொல்லும் பதில், தாலுகா ஆபீஸ் பதில். ‘அப்படி ஒன்று இல்லை, அல்லது லாகின் தேவைப்படலாம்.’ அந்த ‘அல்லது’வை வேண்டுமென்றேதான் வைத்திருக்கிறார்கள், பூட்டி வைத்த மூட்டை உண்டா இல்லையா என்பதே வெளியாளுக்குத் தெரியக் கூடாது. நியாயம்தான். ஆனால் ஏஜென்ட் அதை ‘இல்லை’ என்று எடுத்துக்கொண்டு, கிட்டத்தட்ட அதே பெயரில் யாரோ வைத்த மூட்டையைத் தூக்கி வந்தால்? 2018-ல் டாக்கர் ஹப்பிலிருந்து 17 இமேஜ்களை நீக்கினார்கள். வெளியில் உபயோகமான சரக்கு மாதிரி பெயர். உள்ளே எடுத்தவன் மெஷினில் கிரிப்டோ காசு தோண்டும் களவாணித்தனம். நீக்குவதற்குள் அவை இறக்கப்பட்டது சுமார் 50 லட்சம் தடவை. அப்போது ஏமாந்தது மனிதர்கள். ‘கிடைக்கவில்லை என்றால் நிறுத்து, வேறு பெயரை நீயாக யூகிக்காதே, மனிதரைக் கேள்’ என்ற வரி இல்லாத கருவியை நான் பாதி செய்த கருவி என்றுதான் சொல்வேன். அது எவ்வளவு வேகமாக ஓடினாலும் சரி.

‘ஏ.ஐ.யே டாகுமென்டேஷனும் எழுதிவிடுமே’ என்கிறீர்களா? எழுதும், அழகாகவே எழுதும். கோடைப் பார்த்துக் கருவி என்ன செய்கிறது என்று எழுதிவிடும். போன மாதம் எந்தச் சீட்டால் லைன் நின்றது, இரவு ஷிஃப்டில் யாரைக் கூப்பிட வேண்டும் என்பதெல்லாம் கோடில் எங்கே இருக்கிறது? அடிபட்டவன்தான் அதை எழுத முடியும்.

திருப்பிக் கேட்காத வாசகன் இந்தச் சாலையில் இன்னொருவனும் இருக்கிறான். ஒடிசாவிலிருந்தோ பீகாரிலிருந்தோ வந்து பவர் பிரஸ் முன்னால் நிற்கும் கான்ட்ராக்ட் பையன். ஏஜென்டுக்குக் கேட்கத் தோன்றாது. இவனுக்குத் தோன்றும், ஆனால் கேட்டால் நாளைக்கு கேட் பாஸ் இருக்குமா என்ற பயம். 1948 தொழிற்சாலைகள் சட்டத்தின் 108-வது பிரிவு, அறிவிப்புகள் ஆங்கிலத்திலும் பெரும்பான்மைத் தொழிலாளிகளுக்குப் புரியும் மொழியிலும் இருக்க வேண்டும் என்றது. பெரும்பான்மைக்கு! நூறு பேர் ஷெட்டில் இருபது ஒடியாக்காரர்கள் இருந்தால் அவர்கள் விரல் எந்தக் கணக்கு?

மெஷினுக்குப் புரியும்படி எழுதவேண்டும் என்று இன்றைக்கு வகுப்பெடுக்கிறார்கள். சின்னச் சின்ன வாக்கியமாக, சந்தேகத்துக்கு இடமில்லாமல், எதைச் செய்யக் கூடாது என்பதை முதலிலேயே. இத்தனை வருஷம் இந்தப் பொறுமை எங்கே போயிருந்தது?

போன வாரம் பையன் போன் செய்தான். ஒரு வரி பதினொரு வரியாகிவிட்டதாம். படித்துக் காட்டினான். நிறுத்து, யூகிக்காதே, கேள் - எல்லாம் இருந்தது. சபாஷ் சொல்லிவிட்டு, “உங்க ஷெட்ல பிரஸ் பக்கத்துல ஒரு தாள் ஒட்டியிருக்குமே, அதை யார் எழுதினது?” என்றேன்.

“அது மெஷினோட வந்தது அங்கிள். சைனீஸா கொரியனான்னு தெரியல.”