காலிக் கட்டம் பூஜ்யம் ஆகாது

பருப்பு மண்டி அண்ணாச்சி காலை ஏழரைக்கே போன் செய்தால் அது வரி விவகாரமாகத்தான் இருக்கும். “ஏதோ டிபெக்டிவ்னு வந்திருக்காம்லம்மா. பையன் இப்பதான் மெசேஜைப் பார்த்துட்டுச் சொல்றான். ஒங்களுக்கு மெயில் வரலியா?”

வரவில்லை என்று அடித்துச் சொன்னேன்.

விருதுநகரில் இரண்டு அறை அலுவலகம் வைத்து வருமான வரி, ஜிஎஸ்டி பார்க்கிறேன். என்னிடம் வரும் வியாபாரிகளில் பாதிப் பேர் வரித்துறைப் பதிவில் என் மின்னஞ்சல் முகவரியைத்தான் கொடுத்திருக்கிறார்கள். ஆளுக்கொரு ஃபோல்டர், மொத்தம் 87. மேசைக் கணினியில் இருக்கும் தண்டர்பேர்ட் என்ற மெயில் புரோகிராமில் அவை இடது பக்கம் வரிசையாக நிற்கும். படிக்காத மெயில் இருந்தால் ஃபோல்டரின் பெயர் தடித்து, பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் எண் தெரியும். காலையில் டீயை வைத்துக்கொண்டு அந்த வரிசையை மேலிருந்து கீழே ஒரு தடவை பார்ப்பேன். எண் இல்லை என்றால் அந்த ஆளுக்கு இன்று வேலை இல்லை. பல வருஷப் பழக்கம்.

அண்ணாச்சி பெயருக்குப் பக்கத்தில் எண் இல்லை. போனை வைத்துவிட்டு, சந்தேகத்துக்குத்தான், அந்தப் பெயரைத் தொட்டேன். அப்போதுதான் (3) என்று முளைத்தது. அதில் ஒன்று 139(9) பிரிவு நோட்டீஸ்: தாக்கல் செய்த ரிட்டர்னில் குறை இருக்கிறது, 15 நாளுக்குள் சரி செய். அன்று 12ஆம் நாள். கெடு தாண்டினால் அந்த ரிட்டர்ன் செல்லாததாகிவிடும். தாக்கலே செய்யாததற்குச் சமம். மறுநாளே சரி செய்து அனுப்பிவிட்டேன் என்பது வேறு விஷயம்.

அண்ணன் மகனைக் கேட்டேன். “அத்தை, அழிச்சிட்டு மறுபடி இன்ஸ்டால் பண்ணுங்க” என்றான். கணினிக்கு என்ன வந்தாலும் அவனிடம் இந்த ஒரு கஷாயம்தான். அதைவிட உருப்படியான யோசனை ஒன்று கிடைத்தது. இந்த மாதிரி புரோகிராம்கள் ஒவ்வொரு ஃபோல்டருக்கும் ஒரு சிட்டைக் கோப்பு வைத்திருக்கும். எத்தனை மெயில், எத்தனை படிக்காதது என்பதெல்லாம் அதில் இருக்கும். அது பழுதானால் எண் தப்பும். தண்டர்பேர்டில் ஃபோல்டரின் ப்ராப்பர்டீஸுக்குள் ‘ரிப்பேர்’ என்றொரு பொத்தான் உண்டு. பழைய சிட்டையைத் தள்ளிவிட்டுப் புதிதாக எழுதும். ஐந்து ஃபோல்டருக்கு ரிப்பேர் செய்தேன். ஐந்திலும் எண் வந்தது. குணமாகிவிட்டது என்று நம்பினேன். இரண்டு நாளில் மறுபடி அதே கதை. நான் தொட்டதால் வந்த எண் அது, ரிப்பேரால் வந்ததில்லை.

தொட்டால் வருகிறது, தொடாவிட்டால் வருவதில்லை. இதில்தான் விடை இருந்தது. மூன்று வாரம் முன்பு புது போன் வாங்கியிருந்தேன். அதுவரை மெயிலைப் பெயர் பார்த்துப் பிரித்துப் போட்டது மேசைக் கணினிதான். தானே போட்டதால் எதில் எத்தனை என்று அதற்குத் தெரியும். போனிலும் பிரிந்து தெரியட்டும் என்று அந்த விதிகளை நானே சர்வருக்கு மாற்றினேன். அதன்பின் நோட்டீஸ் இன்பாக்ஸ் பக்கமே வராமல் நேரே அண்ணாச்சி ஃபோல்டருக்குப் போய்விட்டது. கணினியோ பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை சர்வரிடம் இன்பாக்ஸை மட்டும் விசாரித்துவிட்டுத் திரும்புகிறது. மற்ற 87 பற்றி அது கேட்பதே இல்லை.

கேட்க வைக்கலாம். தண்டர்பேர்டில் அதே ப்ராப்பர்டீஸில், புதிய மெயில் எடுக்கும்போது இந்த ஃபோல்டரையும் பார் என்று ஒரு டிக் இருக்கிறது. நாற்பது டிக் போட்ட பிறகுதான் தெரிந்தது, கான்ஃபிக் எடிட்டர் என்ற உள்ளறையில் ஒரு வரியை ‘ஃபால்ஸ்’ என்பதிலிருந்து ‘ட்ரூ’ ஆக்கினால் எல்லா ஃபோல்டருக்கும் ஒரே அடியில் முடியும் என்று. அவுட்லுக் வைத்திருப்பவர்களுக்கு வேறு குழப்பம்: அங்கே ஒவ்வொரு ஃபோல்டரிலும் படிக்காதவற்றின் எண்ணைக் காட்டவா, மொத்த எண்ணைக் காட்டவா என்று தனித்தனியாகத் தேர்ந்தெடுக்கலாம். யாராவது மாற்றி வைத்துவிட்டால் எண் வேறு கதை சொல்லும்.

விதியை மாற்றியது நான்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் எனக்கு ஒரு வழக்கு இருக்கிறது.

கணக்குப் புத்தகத்தில் காலியாக விட்ட கட்டம் வேறு, கோடு கிழித்த கட்டம் வேறு. கோடு என்றால் பார்த்தேன், ஒன்றும் இல்லை. காலி என்றால் இன்னும் பார்க்கவில்லை. எங்கள் அலுவலகத்துக்கு வேலை பழக வரும் பிள்ளைகளுக்கு முதல் வாரம் சொல்லித் தருவதே இதைத்தான். ஜிஎஸ்டியில் ஒரு பைசா வியாபாரம் இல்லாத மாதத்துக்கும் ‘நில் ரிட்டர்ன்’ போட வேண்டும்; போடாவிட்டால் மாதாந்தர 3பி ரிட்டர்னுக்கு நாளொன்றுக்கு 20 ரூபாய் தாமதக் கட்டணம். ஒன்றுமில்லை என்பதையும் வாய் திறந்து சொல் என்கிறது அரசாங்கம். மெயில் புரோகிராமோ ‘ஒன்றும் இல்லை’ என்பதற்கும் ‘நான் கேட்கவே இல்லை’ என்பதற்கும் ஒரே வெறுமையைக் காட்டுகிறது. என் மேசையில் ஒரு பிள்ளை இப்படி எழுதினால் திருப்பி அனுப்புவேன்.

எல்லா ஃபோல்டரையும் ஓயாமல் விசாரித்தால் சர்வருக்குச் சுமை என்பார்கள். நியாயம்தான். கணினியும் சர்வரும் பேசிக்கொள்ளும் ஐமேப் என்ற ஏற்பாட்டை மார்க் கிறிஸ்பின் 1986இல் வடிவமைத்தார். ஒரு பெட்டியைத் திறக்காமலே படிக்காதது எத்தனை என்று கேட்க அதில் ‘ஸ்டேட்டஸ்’ என்ற கட்டளை உண்டு. பதில் தாமதமாகலாம் என்று 2003ஆம் வருஷ விதிநூலே எச்சரிக்கிறது. ஜிமெயில் ஒரு கணக்குக்கு ஒரே நேரத்தில் 15 இணைப்புக்கு மேல் விடுவதில்லை. சரி, கேட்க வேண்டாம். கேட்கவில்லை என்று சொல்லலாமே? பெயருக்குப் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி, அல்லது சாம்பல் நிறம், அல்லது ‘கடைசியாகப் பார்த்து 12 நாள்’ என்று சின்னதாக ஒரு வரி. இதற்குச் சர்வரிடம் ஒரு வார்த்தை பேச வேண்டியதில்லை. தான் எப்போது பார்த்தோம் என்பது புரோகிராமுக்கே தெரியும்.

கான்ஃபிக் எடிட்டரில் அந்த ஒரு வரியை மாற்றிய அன்று வரிசை முழுக்க எண்கள் முளைத்தன. டீ ஆறிப்போனது. அண்ணாச்சியின் மூன்றில் மிச்சம் இரண்டையும் அன்றைக்குத்தான் பிரித்தேன். ஒன்று நான் முன்பு கேட்ட விவரத்துக்கு ஆடிட்டர் அனுப்பிய பதில். இன்னொன்று அவர் மண்டியிலிருந்தே வந்த பேங்க் ஸ்டேட்மென்ட். அதை இன்னும் அனுப்பவில்லை என்று அதற்கு முந்தின வாரம்தான் அவரிடம் இரண்டு தடவை சத்தம் போட்டிருந்தேன்.