கிண்ணம் ஒன்று, கல்லறை இரண்டு

கிறிஸ்தவர்கள் தொழுவது, குற்றவாளி என்று தீர்ப்பெழுதி, ஊருக்கு வெளியே கொண்டுபோய்ச் சிலுவையில் அறையப்பட்ட ஒருவரை. தள்ளிவைக்கப்பட்டவரையே ஆண்டவர் என்று கும்பிடுகிறவர்கள் இன்னொருவரைத் தள்ளிவைக்கலாகாது. நியாயம் அதுதான், நடப்பு வேறு. 1833-இல் கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன், சபைக்குள் சாதியை உடனே ஒழிக்க வேண்டும் என்று சுற்றுமடல் அனுப்பினார். தஞ்சையில் பலர் சாதியை விட மனமில்லாமல் சபையை விட்டார்கள். நற்கருணையில் யாருக்குப் பின் யார் கிண்ணத்தில் வாய்வைப்பது என்பதுகூட அன்று வழக்காக இருந்தது. இன்று கிண்ணம் பொதுவாகிவிட்டது. சில ஊர்களில் கல்லறைத் தோட்டம் மட்டும் இன்னும் இரண்டாகவே கிடக்கிறது. புனித வியாழனன்று பங்குத்தந்தை முழங்காலிட்டுப் பன்னிருவரின் பாதங்களைக் கழுவித் துடைக்கிறார். அந்தப் பன்னிருவர் எந்தெந்தத் தெருவிலிருந்து வந்தவர்கள் என்று பாருங்கள். அந்த ஊர்ச் சபை உண்மையில் யாரைத் தொழுகிறது என்பது தெரிந்துவிடும். பிள்ளைக்கு வரன் தேடும்போது சாதி கேட்கிற வீட்டில் ஜெபம் எவ்வளவு நீளமாக இருந்தும் என்ன பயன்? தொழுகைக்குச் சாட்சி வாழ்க்கைதான். பீடத்தின் அலங்காரம் அல்ல.